போகும்போதும் இறக்கம், வரும்போதும் இறக்கம்

கடுக்காய்மேட்டுத் தங்கமுடியின் பிக்கப் வண்டி மலை ஏறும்போதும் இறங்க ஆரம்பித்தது ஓர் ஆடிச் செவ்வாய்க்கிழமையில்தான் என்று எல்லாரும் ஒத்துக்கொள்கிறார்கள், ஆனால் அன்றைக்கு ஊரில் பெரிய பேச்சாக இருந்தது அது இல்லை, ஊர்த்தலைவர் சோலையப்பன் வீட்டுச் சினைமாடு கிணற்றில் விழுந்து, கயிறு கட்டித் தூக்குவதற்குள் கிணற்றுக்குள்ளேயே கன்று போட்டுவிட்ட சங்கதிதான். மாட்டையும் கன்றையும் பார்த்துவிட்டு வீடு திரும்பிய சனம் ரோட்டு வளைவில் நின்று கீழே பார்த்தபோது, வத்தலக்குண்டிலிருந்து காலிக் கூடைகளோடு தங்கமுடியின் வண்டி மேலே வந்துகொண்டிருந்தது, இஞ்சின் சத்தம் இல்லாமல், புகை இல்லாமல், சைக்கிள் வருகிற மாதிரி. பாவி மனுசன், டீசல் மிச்சம் பிடிக்க இதையும் கண்டுபிடிச்சுட்டான் என்று சொல்லிக்கொண்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

அப்படிச் சொன்னதில் தப்பும் இல்லை. மைலேஜ் என்றால் அந்த மலையில் அது தங்கமுடியைத்தான் குறிக்கும்; பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது. மலைவாழைத் தாரும் சவ்சவ்வும் பட்டர் பீன்ஸும் ஏற்றிக்கொண்டு காலையில் வத்தலக்குண்டு மார்க்கெட்டுக்கு இறங்கி, உர மூட்டையோ மளிகைச் சாமானோ கிடைத்ததை ஏற்றிக்கொண்டு சாயங்காலம் மேலே வருகிற வண்டி அவனுடையது. விடிந்ததும் மற்ற டிரைவர்கள் டீக்கடைக்குப் போவார்கள், இவன் டயர் டயராகத் தட்டிப் பார்ப்பான், காற்று கொஞ்சம் குறைந்தாலும் டயர் ரோட்டைப் பிடித்துக்கொண்டு டீசலைக் குடிக்கும் என்பான். தார்ப்பாய்க்குள் காற்று புகுந்து வண்டியைப் பின்னுக்கு இழுத்துவிடக் கூடாது என்று, பிள்ளை பெற்றவளுக்கு வயிற்றில் துணி சுற்றுகிற மாதிரி இறுக்கிக் கட்டுவான். ஜாக்கியை இறக்கி வைத்தான், டூல்ஸ் பெட்டியை இறக்கி வைத்தான், கடைசியில் ஸ்டெப்னி டயரையே கழற்றி வீட்டு நடுக்கூடத்தில் போட்டுவிட்டு, பஞ்சரானால் அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம், அதுவரைக்கும் ஒரு டயரை எதற்குச் சும்மா சுமந்துகொண்டு திரிய வேண்டும் என்றான். கல்யாணமான புதுசில் மனைவி அன்னமயிலை ஒரே ஒரு தடவை வண்டியில் ஏற்றிக்கொண்டு சினிமாவுக்குப் போய் வந்தவன், வந்ததும் டீசல் மீட்டர் முள்ளைப் பார்த்துவிட்டு, இனிமேல் நீ பஸ்ஸில் வந்துவிடு என்று சொல்லிவிட்டான். அவள் பஸ்ஸில்தான் போனாள், பஸ்ஸில்தான் வந்தாள். சும்மா சொல்லக்கூடாது, அவனுக்குக் கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது, அவளை ஒரு சொல் வைததும் கிடையாது; ஆனால் சாப்பிட்டியாப்பா என்று யாராவது கேட்டால், இன்றைக்கு லிட்டருக்கு எவ்வளவு கொடுத்தது என்று பதில் சொல்கிற ஆளோடு ஒரு பெண்பிள்ளை எத்தனை வருசத்துக்குத்தான் பேசிக்கொண்டிருப்பாள்.

மலை அடிவாரத்தில், ரோடு முதல் கொண்டை ஊசி வளைவுக்குத் திரும்புகிற இடத்தில், புளியமரத்துக்கடியில் ஏத்தக்கருப்பு இருக்கிறார். ஏறுகிற வண்டி எதுவானாலும் அங்கே நின்று, சூடம் கொளுத்தி, ஸ்டியரிங்கில் திருநீறு பூசிவிட்டுத்தான் ஏற வேண்டும். இறங்குகிற வண்டி நிற்க வேண்டியதில்லை, நல்லபடியாக வந்து சேர்ந்தோம் என்று ஒரு ஹாரன் அடித்தால் போதும். இதில்தான் தங்கமுடிக்கு வயிறு எரிந்தது. ஏற்றத்தில் நின்ற வண்டியை மறுபடி கிளப்புவதற்கு முதல் கியரில் ஒரு மடக்கு டீசல் போகும். ஆகவே அவன் ஒரு காரியம் செய்தான், டிரைவராகப் பிறந்த வேறு எந்த மனிதனுக்கும் தோன்றாத காரியம் அது: காலையில் இறங்கி வரும்போது, வண்டி எப்படியும் நியூட்ரலில்தானே வருகிறது, மறுபடி தானாகவே உருளவும் செய்யும் என்று பிரேக்கைப் போட்டு நின்று, சாயங்காலம் ஏறப்போகிற ஏற்றத்துக்கும் சேர்த்து முன்கூட்டியே சூடம் கொளுத்தி, கருப்பா, ஏத்தத்துக்கும் இதுதான், இறக்கத்துக்கும் இதுதான், ரெண்டையும் ஒண்ணா வச்சுக்க என்று கும்பிட்டுவிட்டு, சாயங்காலம் நிற்காமல் ஹாரன் மட்டும் அடித்துக்கொண்டு ஏறிப் போனான். பூசாரி, இது முறையில்லையேப்பா என்றார். ஆடி பிறந்தது, செவ்வாய்க்கிழமை வந்தது, கருப்பு அவன் சொன்னபடியே ரெண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் அடிவாரத்தில் ஹாரன் அடித்துவிட்டு கியரை மாற்றியவனுக்கு, வண்டி தானாக முன்னுக்கு இழுப்பது தெரிந்தது. நிமிர்ந்து பார்த்தான், ரோடு கீழே போய்க்கொண்டிருந்தது. மலை அதே மலைதான், பாறையில் எழுதியிருந்த தேர்தல் விளம்பரமும் அதேதான், ஆனால் ஊர் எங்கோ பள்ளத்தில் இருப்பது போலவும், முதுகுக்குப் பின்னால் வத்தலக்குண்டு உயரத்தில் இருப்பது போலவும் அவனுக்குப் பட்டது. வேறொருவன் என்றால் பயந்துபோய் வண்டியை ஓரங்கட்டியிருப்பான். தங்கமுடியின் கை பழக்கத்தில் நியூட்ரலுக்குத் தள்ளியது, சாவியைத் திருகி இஞ்சினை அணைத்தது, அவன் பிரேக்கை மட்டும் லேசாக மிதித்துக்கொண்டு வளைவுக்கு வளைவு இறங்கி ஊருக்கு வந்து சேர்ந்தான். முள் அசையவில்லை. கண்ணாடியை விரலால் சுண்டிப் பார்த்தான், அப்போதும் அசையவில்லை. அவ்வளவு சந்தோசமாக அவன் ஒரு நாளும் சோறு தின்றதில்லை.

ஊருக்கு அது பழகிப்போக அதிக நாள் ஆகவில்லை. மலைச் சனத்துக்கு ஏற்றம் என்பது பிறந்ததிலிருந்து கூடவே வருகிற சமாச்சாரம், அது ஒரு வண்டிக்கு மட்டும் இல்லை என்றானதும் முதலில் பொறாமைப்பட்டார்கள், பிறகு இடம் கேட்டார்கள். ஏறி உட்கார்ந்தவர்களுக்கும் இறக்கமாகத்தான் இருந்தது. உடம்பு முன்னால் சாய்ந்தது, உர மூட்டைகள் பின்கதவுப் பக்கம் சரியாமல் கேபினைப் போய் முட்டின, மலை ஏறினால் வாந்தி எடுக்கிற ராக்கு, அன்னமயிலின் பக்கத்து வீட்டுக்காரி, மலை இறங்கினாலும் வாந்தி எடுப்பவள் என்பதால் அவள் ஒருத்திக்கு மட்டும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. வெளியே நிற்பவர்களுக்கு வண்டி ஏறியது, உள்ளே இருப்பவர்களுக்கு இறங்கியது, இரண்டுமே சரிதான் என்று ஊர் வைத்துக்கொண்டது. சத்தம் இல்லாததால் வளைவுகளில் மாடுகள் ஒதுங்க மறந்தன. அதற்காகப் பின்னால் உட்காருகிறவர்கள் கைதட்டிக்கொண்டே வர வேண்டும் என்று ஒரு பழக்கம் உண்டாயிற்று, சும்மா தட்டுவானேன் என்று அதோடு கும்மிப் பாட்டும் சேர்ந்துகொண்டது. வத்தலக்குண்டு பங்க்கில் டீசல் போடுகிற ஆள், வாடிக்கைக்காரரைப் பல நாளாகக் காணோமே என்று மார்க்கெட் வரைக்கும் வந்து, உடம்பு கிடம்பு சரியில்லையா என்று விசாரித்துவிட்டுப் போனான். மெக்கானிக் மட்டும், போகும்போதும் பிரேக், வரும்போதும் பிரேக் என்றால் கட்டை தேயாமல் என்ன செய்யும் என்று சலித்துக்கொண்டே பிரேக் கட்டையை மாற்றிக் கொடுத்தான்.

மற்ற டிரைவர்களும் இறங்கும்போது நின்று சூடம் கொளுத்திப் பார்த்தார்கள். ஒருத்தனிடம் அகப்பட்டுக்கொண்டது போதும் என்று கருப்பு இருந்துவிட்டார் போல, அவர்கள் வண்டிகள் எப்போதும்போல முக்கி முனகித்தான் ஏறின. அப்புறம்தான் கயிறு வந்தது. தங்கமுடியின் வண்டிக்குப் பின்னால் கயிறு கட்டினால் கட்டிய வண்டிக்கும் இறக்கம்தான் என்று கண்டுபிடித்த நாளிலிருந்து, அடிவாரத்தில் டெம்போவும் டிராக்டரும் ஷேர் ஆட்டோவும் வரிசையில் காத்திருந்து, ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு, கைதட்டலும் கும்மிப் பாட்டுமாக மலை ஏறின. சிமெண்ட் ஏற்றிவர வண்டி கிடைக்காமல் வருசக்கணக்கில் அஸ்திவாரத்தோடு நின்ற சமுதாயக் கூடம் மளமளவென்று எழும்பியது. ஆபரேஷன் முடிந்து வருகிறவர்கள் தையல் குலுங்காமல் வீடு வந்து சேர்ந்தார்கள். தங்கமுடி லோடுக் கூலியை மட்டும் குறைக்கவில்லை. குறைத்தால் வண்டி சும்மா வருகிறது என்று சனம் நினைத்துவிடும் என்பது அவன் கட்சி.

நல்லது, இனி அன்னமயிலுக்கு வருவோம். ஒரு மலை அளவு ஏற்றம் நேற்று வரைக்கும் இருந்தது, இன்றைக்கு இல்லை என்றால், அது எங்கேயாவது போயிருக்க வேண்டும் அல்லவா. அது அவள் வீட்டுக்குள் வந்துவிட்டிருந்தது. அந்த ஆடிச் செவ்வாய் சாயங்காலம் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசற்படி தாண்டி அடுப்பங்கரைக்கு நடந்தவளுக்கு முழங்கால் கடுத்தது, மூச்சு இரைத்தது. தரையைப் பார்த்தாள், சமமாகத்தான் இருந்தது. ஒரு தக்காளியை வைத்துப் பார்த்தாள், அது உருளாமல் வைத்த இடத்திலேயே இருந்தது. ஆனால் கால் எடுத்து வைத்தால் ஏற்றம். வாசல், நடுக்கூடம், அடுப்பங்கரை என்று கூப்பிடு தூரம் கூட இல்லாத அந்த வீட்டை அவள் குனிந்து, தொடையில் கை ஊன்றி, நின்று நின்று ஏறினாள். திரும்பி வாசலுக்கு வரும்போது இறக்கம்தானே என்று கேட்பவர்கள் ஒரு நாளும் சோறு ஆக்காதவர்கள். தண்ணீருக்கு ஒரு தரம், விறகுக்கு ஒரு தரம், கறிவேப்பிலைக்கு ஒரு தரம், வாசலில் யாரோ கூப்பிட்டார்கள் என்று ஒரு தரம், ஒரு நேரச் சமையலுக்குள் எத்தனை மலை.

புருசனிடம் சொன்னாள். அவனுக்கோ வாசலிலிருந்து அடுப்பங்கரைக்கும் இறக்கமாகவே இருந்தது, செருப்பைக் கழற்றினால் சோற்றுத் தட்டுக்கு முன்னால் போய் நிற்கிறவன். ரத்தம் கம்மியாயிருக்கும், முருங்கைக்கீரை சாப்பிடு என்றான். ராக்கு வந்து பார்த்தாள், பாதி வழியில் முடியாமல் நடுக்கூடத்தில் கிடந்த ஸ்டெப்னி டயர் மேல் உட்கார்ந்துவிட்டாள், ஆத்தாடி, வீடா இது என்றாள். அதற்குப் பிறகு பெண்கள் ஒவ்வொருத்தராக வந்து ஏறிப் பார்த்து, ஸ்டெப்னியில் உட்கார்ந்து மூச்சு வாங்கி, ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். உட்கார வாகாக யாரோ ஸ்டெப்னி மேல் ஒரு பலகையும் போட்டார்கள். ஊருக்கு வருகிற நர்ஸ் அன்னமயிலுக்கு வாசலில் வைத்து ஒரு தரம் பிரஷர் பார்த்தாள், அடுப்பங்கரையில் வைத்து ஒரு தரம் பார்த்தாள், மிஷினைத் தட்டிவிட்டு மறுபடியும் பார்த்தாள். இருதயம் ரொம்ப அடித்துக்கொள்கிறது, இனிமேல் மாடிப்படி, ஏற்றம் எதுவும் ஏறக்கூடாது, ஏறினால் அப்புறம் என் கையில் இல்லை என்றாள். எங்க வீட்டுல படியே இல்லைங்களே என்றாள் அன்னமயில்.

ஏற்றம் எல்லா நாளும் ஒரே மாதிரி இல்லை என்பதையும் அவள் கண்டுகொண்டாள். மளிகைச் சாமான் வந்த நாளில் சுமாராக இருந்தது, உரம் வந்த நாளில் ஸ்டெப்னியில் உட்காராமல் முடியவில்லை, ஒரு நாள் நெட்டுக்குத்தலாக எழும்பிப்போய், குடத்தை ஒரு முழத்துக்கு ஒரு தரம் கீழே வைத்து வைத்து எடுத்து, கண் இருட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்றைக்குத் தங்கமுடி வந்து உட்கார்ந்ததும் சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"இன்னைக்குச் சிமெண்டா?"

யார் சொன்னது என்று கேட்டான். யாரும் சொல்லவில்லை. கயித்துல டிராக்டர் ஒண்ணும் கூட வந்துச்சோ என்று கேட்டாள். வந்திருந்தது. தங்கமுடி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். அவனுக்கு அப்போதே எல்லாம் விளங்கிவிட்டது, அதில் சந்தேகம் இல்லை, ஆள் ஒன்றும் மடையன் கிடையாது. ஆனால் முள் ஆடாமல் நிற்கிற வண்டியை வைத்திருப்பவன் எதையும் உடனே விளங்கிக்கொள்ள வேண்டிய அவசரத்தில் இருப்பதில்லை. நாளைக்குச் சிமெண்டு இல்லை, கம்பிதான் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனான்.

விசயம் ஊர்க்கூட்டத்துக்கு வந்தது. கொண்டுவந்தது ராக்கு. ஆண்கள் எல்லாரும் தரையைப் பார்த்தபடி கேட்டார்கள், யாரும் அவளைப் பொய் சொல்கிறாய் என்று சொல்லவில்லை, அந்த மட்டுக்கும் நல்ல ஊர்தான். கடைசியில் சோலையப்பன் தொண்டையைச் செருமினார்.

"ஊரே இறங்கி வருது. ஒரு வீடு ஏறுனா என்ன குறைஞ்சுபோச்சு? சுமையைப் பகிர்ந்துக்குவோம், வண்டியை நிறுத்த வேணாம்."

அப்படியே பகிர்ந்துகொண்டார்கள். வாசலிலிருந்து அடுப்பங்கரை வரைக்கும் பிடித்துக்கொண்டு ஏற மூங்கிலில் கைப்பிடி கட்டினார்கள். குடத்தைக் கை மாற்றிக் கை மாற்றி மேலே அனுப்பத் தெருவுக்கு ஒருத்தி என்று முறை வைத்தார்கள். முறைக்கு வருகிறவர்கள் ஸ்டெப்னிப் பலகையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசினார்கள், அங்கேயே டீ போட்டுக் குடித்தார்கள், இந்தப் பக்கம் வந்த ஜவுளிக்காரன் கூட அங்கே மூட்டையை இறக்கி விரித்தான். அடுப்பைத் தூக்கி வாசலில் வைத்துப் பார்க்கலாம் என்று ஒருத்தி சொல்ல, வைத்தார்கள். அடுப்பு போன இடத்துக்கு ஏற்றமும் போயிற்று, தெருவில் போகிறவர்கள் எல்லாம் தடுக்கி விழ, மறுபடி உள்ளேயே கொண்டு வைத்தார்கள். ஆனால் நடுவில் யாராவது வீட்டுக்குப் போய்விடுவார்கள், உப்பு வாசல்பக்கம் இருக்கும், அன்னமயில்தான் இறங்கி ஏறுவாள். அவள் இளைத்துக்கொண்டே போனாள். அடுப்பங்கரை ஜன்னலுக்குள் காலையில் மேகம் வந்தது, அந்த ஓர் அறையில் மட்டும் ஆவணி மாதத்திலேயே போர்வை வேண்டியிருந்தது, அவ்வளவு உயரத்தில் பருப்பு வேக மறுத்தது. ஜன்னல் வழியே பார்த்தால் வத்தலக்குண்டும் அதைத் தாண்டி வைகை அணைத் தண்ணீரும் தெரிகிறது என்று முறைக்கு வந்த பெண்கள் தங்கள் பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டினார்கள். அன்னமயில் அதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

தங்கமுடி நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டிருந்தான். தினமும் இரண்டு இறக்கம், ஏற்றம் ஒன்று கூட இல்லை என்றால் ஒரு மனிதன் எங்கே போய்ச் சேருவான் என்று அவன் யோசிக்கவில்லை. முதலில் அன்னமயில் போடுகிற சோறு அவன் தட்டுக்கு வரும்போது ஆறிப்போயிருந்தது. சூடாகப் போடு என்றான், இப்போதுதான் வடித்தேன் என்றாள். பிறகு அவள் வாய் அசைந்து கொஞ்ச நேரம் கழித்துப் பேச்சு வந்தது, எதிர் மலையில் நிற்கிறவள் பேசுகிற மாதிரி. பிறகு அவள் குனிந்து நீட்டுகிற தட்டை அவன் எக்கி வாங்க வேண்டியிருந்தது. ஒரே அடுப்பங்கரையில், கையெட்டும் தூரத்தில், அவள் ஏறி வந்து நின்றாள், அவன் இறங்கி வந்து நின்றான், நடுவில் எவ்வளவு இருந்தது என்பது யாருக்கும் தெரியாது.

ஒரு நாள் காலையில் அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டெப்னியில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டுப் போனவனுக்கு மார்க்கெட்டில் இருப்புக்கொள்ளவில்லை. அன்றைக்கு அவன், தன் கணக்கில், ஒரு பெரிய காரியம் செய்தான்: உரக்கடைக்காரனிடம் நாளைக்கு என்றான், அடிவாரத்தில் காத்திருந்தவர்களிடம் கயிறு வேண்டாம் என்றான், மத்தியானமே காலி வண்டியை நியூட்ரலில் விட்டு வீடு வந்து சேர்ந்தான். இன்றைக்கு லேசாக இருக்கும், அவளே கேட்பாள் என்று நினைத்துக்கொண்டு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கினான். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. குழம்பு கொதித்தது. அரிவாள்மனையில் பாதி நறுக்கிய வெங்காயம் இருந்தது. அன்னமயில் இல்லை. கொல்லைப் பக்கம் போய்ப் பார்த்தான், திரும்ப வந்து பார்த்தான், அன்னமயிலு என்று கூப்பிட்டான். வெகுநேரம் கழித்து எங்கோ உச்சியிலிருந்து, இங்கதான இருக்கேன் என்று வந்தது.

சத்தம் கேட்டு மூங்கிலைப் பிடித்து ஏறிவந்த ராக்கு, அடுப்பையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கண்ணு முன்னால நிக்கிறாளேண்ணே. அவ முகம் எல்லாம் வேர்த்துக் கிடக்கு, நீங்க மோட்டுவளையைப் பார்த்துக்கிட்டு நிக்கிறீக."

தங்கமுடிக்குப் பயம் வந்தது. வண்டி ஓட்ட வந்த நாளிலிருந்து பள்ளத்தைப் பார்த்துப் பயப்படாதவன், தன் வீட்டு அடுப்பங்கரையில் சுவரைப் பிடித்துக்கொண்டான். அவள் செத்துப்போனாலும் எனக்குத் தெரியாது என்று அவன் நினைத்தான், அந்த நினைப்பு வந்ததும் வெளியே ஓடி வண்டியை எடுத்தான். வளைவில் சோலையப்பன் கையைக் காட்டி நிறுத்தினார். அவருக்கு அதற்குள் விசயம் தெரிந்துவிட்டிருந்தது. சமுதாயக் கூடத்துக்குக் கூரைத் தகரம் மட்டும்தான் பாக்கி, அதுவரைக்கும் பொறுத்துக்கொள்ளப்பா, ஊரே உன்னை நம்பியிருக்கிறது என்று நல்ல மாதிரியாகத்தான் சொன்னார். தங்கமுடி பிரேக்கிலிருந்து காலை எடுத்தான், வண்டி தானாக உருண்டது.

அடிவாரத்தில் வண்டியைத் திருப்பி, ஏற்றத்தைப் பார்த்து நிறுத்தி, கருப்புக்கு முன்னால் போய் நின்றான். பூசாரி சூடத்தை எடுத்துக் கொடுத்தார். ஸ்டியரிங்கில் திருநீறு பூசினான்.

"கருப்பா, ரெண்டையும் பிரிச்சுக் குடுத்துரு. எனக்கு ஏத்தம் வேணும்."

முதல் கியரைப் போட்டு கிளட்ச்சை விட்டதும் வண்டி உறுமியது, பின்னுக்கு வழுக்கியது, பிறகு கரும்புகையைக் கக்கிக்கொண்டு நகர்ந்தது. ரோடு மேலே போயிற்று. முள் அவன் கண் முன்னாலேயே சரிந்தது, அவன் அதைத் தட்டிப் பார்க்கவில்லை. எத்தனையோ நாளைக்குப் பிறகு மலையில் அந்த இஞ்சின் சத்தம் கேட்டு மாடுகள் தாமாகவே ஒதுங்கின, ஊரில் ஆண்களும் பெண்களும் வாசலுக்கு வந்து நின்றார்கள், போச்சு என்று சோலையப்பன் சொன்னார். அதற்கு அப்புறம் ஊர் அவனோடு கொஞ்ச நாள் பேசாமல் இருந்தது, கூரைத் தகரம் எல்லாரையும் போல முக்கி முனகி ஏறுகிற வண்டிகளில் வந்து சேர்ந்தது, கும்மிப் பாட்டு கோயில் திருவிழாவுக்குப் போய்விட்டது, அதெல்லாம் பின்னால் நடந்த கதை. அன்றைக்கு நடந்தது வேறு: டீசல் போட்டே பழக்கம் விட்டுப்போனவனின் டேங்க்கில் அடி மட்டத்துக்குத்தான் டீசல் இருந்தது, பாதி மலையில் வண்டி இருமிவிட்டு நின்றது. தங்கமுடி சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டு இறங்கி நடந்தான். ஏறுவதை மறந்துபோன கால்களோடு, வளைவுக்கு வளைவு நின்று, தொடையில் கை ஊன்றி, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு அவன் ஊருக்கு வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வாசலில் நின்றவர்கள் வழி விட்டார்கள்.

வாசற்படி தாண்டிக் காலை வைத்ததும் முழங்கால் கடுத்தது. தரை சமமாகத்தான் இருந்தது. மூங்கிலைப் பிடித்துக்கொண்டு ஓர் எட்டு வைத்தான், இன்னோர் எட்டு வைத்தான், நெஞ்சு அடித்துக்கொண்டது, நடுக்கூடத்துக்கு வருவதற்குள் கண் இருட்டி, தான் கழற்றிப் போட்ட ஸ்டெப்னி மேல் உட்கார்ந்தான். நிமிர்ந்து பார்த்தான். மேலே, மேகத்துக்கு நடுவில், அடுப்புக்கு முன்னால் அன்னமயில் நின்றிருந்தாள், எலும்பும் தோலுமாக, முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி. அவளைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று அவனுக்குத் தெரியவில்லை.

"இம்புட்டு ஏத்தமாவா இருந்துச்சு?"

அன்னமயில் குழம்புச் சட்டியை இறக்கி வைத்தாள். அவள் பேச்சு இந்தத் தடவை உடனே வந்தது.

"இன்னைக்கு மத்தியானம் காலி வண்டியத்தான கொண்டாந்தீக," என்றாள். "இது ஒண்ணுமில்ல, ஏறி வாங்க."